அட்டையில் உள்ள எண்ணைப் படிக்க யாருக்கு அச்சம்?

போதைக்காக வலி நிவாரணி மாத்திரை விற்ற இளைஞர்கள் சென்னையில் கைது. இந்தச் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. பிடிபட்டவர்களின் வயதும் மாத்திரைகளின் எண்ணிக்கையும்தான் மாறுகின்றன. மாத்திரை எந்த ஆலையில் தயாரானது, எந்த மொத்த வணிகர் கைமாற்றினார், எந்தக் கடையின் பெயரில் பில் போடப்பட்டது என்ற விவரம் வெளியே வருவது அரிது.

கஞ்சா ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் திருட்டுத்தனமாக விளைகிறது. அதன் மூலத்தைத் தேடுவது கடினம் என்று காவல் துறை சொல்லலாம். டேபென்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரைக்கு அந்தச் சாக்கு செல்லாது. அது அரசு உரிமம் பெற்ற ஆலையில் தயாராகிறது. உரிமம் பெற்ற வணிகர் வழியாகச் சந்தைக்கு வருகிறது. ஒவ்வொரு அட்டையிலும் தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறது. உரிம எண் இருக்கிறது. பேட்ச் எண் இருக்கிறது. தேடுபவருக்கு வழி அட்டையிலேயே எழுதியிருக்கிறது. தேடவில்லை என்பதே குற்றச்சாட்டு.

கடும் வலியில் துடிக்கும் நோயாளிக்காக மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை இது. அபினி வகையைச் சேர்ந்தது. அதைப் பொடித்து, நீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள் பிள்ளைகள். மாத்திரையில் சேர்த்த மாவுப் பொருட்கள் இரத்தக் குழாயை அடைக்கின்றன. ஊசி குத்திய இடம் சீழ் பிடிக்கிறது. ஒரே சிரிஞ்ச் பல கைகளுக்குப் போகும்போது எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் கூடவே போகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு அடங்குகிறது. மதுவும் சேர்ந்தால் இன்னும் விரைவாக அடங்குகிறது. மீன்பிடிக் குப்பங்களிலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளிலும் இதைப் பெற்றோர் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. அல்பிரஸோலம், நைட்ரஸெபம், டிரமடால் போன்ற மாத்திரைகளுக்கு 2014 மார்ச் முதல் தனிப் பதிவேடு கட்டாயம். எழுதித் தந்த மருத்துவர் யார், வாங்கிய நோயாளி யார், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று குறித்து, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர்கள் பலர் மருந்துக் கடைகளில் கேமரா பொருத்தவும் உத்தரவிட்டார்கள். பதிவேட்டைப் புரட்டியவர் யார்? கேமரா காட்சியைப் பார்த்தவர் யார்? பார்த்தார்கள் என்றால், மாத்திரை எப்படித் தெருவுக்கு வந்தது?

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கண்காணிப்பு எப்படிப்பட்டது என்பதை நாடே பார்த்துவிட்டது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. ஆலையை ஆய்வு செய்யத் தவறியதற்காக மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். எப்போது? குழந்தைகள் இறந்த பிறகு. ஆலைக்குள் போகாத துறை, ஆயிரக்கணக்கான மெடிக்கல் கடைகளுக்குள் போயிருக்கும் என்று நம்பச் சொல்கிறார்களா?

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் மாணவர்கள் வரிசையில் நிறுத்தப்பட்டு, போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழியைக் காக்க வேண்டிய பொறுப்பு பிள்ளைகளின் தலையில் ஏற்றப்பட்டது. உரிமம் வழங்கும் அதிகாரியிடமும் பதிவேட்டில் கையெழுத்திடும் ஆய்வாளரிடமும் யார் உறுதிமொழி வாங்கினார்கள்?

மத்திய அரசின் பிழை இதைவிடச் சிறியதல்ல. 2018-இல் டிரமடாலைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கடத்தல்காரர்கள் டேபென்டடாலுக்குத் தாவினார்கள். பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை அது பரவியது. பல ஆண்டுகள் அதை அந்தச் சட்டத்துக்கு வெளியிலேயே விட்டுவைத்தது தில்லி. 2025 பிப்ரவரியில், டேபென்டடாலும் காரிசோபுரோடாலும் கலந்த இந்திய மாத்திரை மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்களைச் சீரழிப்பதை பி.பி.சி. அம்பலப்படுத்தியது. சில நாட்களில் அந்தக் கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. வெளிநாட்டு ஊடகம் சொன்னதும் வந்த வேகம், உள்நாட்டுத் தாய்மார்கள் கதறியபோது ஏன் வரவில்லை?

இது போதாதென்று, மருந்து விற்பனை விதியை மீறுவோருக்கு ஓராண்டு முதல் ஈராண்டு வரை சிறை என்றிருந்த பிரிவையும், பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்று 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் தளர்த்தியது. சீட்டில்லாமல் மாத்திரை விற்றுச் சம்பாதிப்பவருக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு. அவ்வளவுதான்.

தெருமுனையில் நின்ற பையனைப் பிடித்து, மாத்திரையை மேசையில் பரப்பிப் படம் எடுத்து வெளியிடுவது நடவடிக்கை ஆகாது. அவனுக்கு மாத்திரை கொடுத்தவர் அடுத்த நாளே வேறொரு பையனைத் தேடிக்கொள்கிறார்.

பிடிபடும் ஒவ்வொரு பேட்ச் எண்ணையும் ஆலை வரை பின்தொடர வேண்டும். வழியில் யாருடைய கணக்கு இடிக்கிறதோ, அவருடைய உரிமம் ரத்தாக வேண்டும். அந்தப் பகுதியின் ஆய்வாளர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். கூரியரில் வெளிமாநிலத்திலிருந்து வரும் மாத்திரைக்கு அனுப்பியவரும் பதில் சொல்ல வேண்டும், கொண்டுவந்த நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். டேபென்டடாலைப் போதைப் பொருள் சட்டத்தின் பிடிக்குள் வைப்பதில் மத்திய அரசு எந்தத் தளர்வும் காட்டக் கூடாது.

எத்தனை மொத்த வணிகர்களின் உரிமம் ரத்தானது, எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்ற பட்டியலை மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அடுத்த கூட்டத் தொடரிலேயே சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.