பல் பிடுங்கப்பட்ட ஓநாய்

வட ஐரோப்பாவின் நார்ஸ் தொன்மக் கதைகளைச் சிறுவர்களுக்காக மீண்டும் எழுதுவோரிடம் ஒரு பழக்கம் வேரூன்றியுள்ளது. அக்கதைகளில் வரும் தெய்வங்களின் வீரத்தை ஊதிப் பெருக்குகின்றனர். அவர்கள் செய்த துரோகத்தை ஓசையின்றி நீக்கிவிடுகின்றனர். பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையன்று, அநீதி.

ஃபென்ரிர் என்னும் ஓநாயின் கதையையே எடுத்துக்கொள்வோம். தம்மிடையே வளர்ந்த அந்த ஓநாயைக் கண்டு தெய்வங்கள் அஞ்சின. இரண்டு விலங்குகளை அது அறுத்தெறிந்தது. மூன்றாவதாகக் குள்ளர்கள் பட்டிழை போன்ற ஒரு கட்டைச் செய்து தந்தனர். பூனையின் காலடியோசை, மீனின் மூச்சு, மலையின் வேர் என உலகில் காணக்கிடைக்காத ஆறு பொருள்களால் ஆனது அது. ஓநாய் ஐயுற்றது. 'அறுக்க முடியாவிட்டால் அவிழ்த்து விடுவோம்' என்று தெய்வங்கள் வாக்களித்தன. அதற்கு ஈடாக ஒருவர் தம் கையைத் தன் வாயில் வைக்கவேண்டும் என்றது ஓநாய். டிர் மட்டுமே முன்வந்தார். கட்டு இறுகியது, வாக்குக் காக்கப்படவில்லை. எல்லாரும் சிரித்தனர், கையை இழந்த டிரைத் தவிர.

'கொடிய ஓநாயைத் தெய்வங்கள் துணிச்சலுடன் கட்டிப்போட்டன' என்று இதைச் சுருக்கிச் சொன்னால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? நம் பக்கத்தார் வாக்கு மீறினால் அது வீரம் என்பதைத்தான். ஆனால் மூலக்கதை அந்தச் சிரிப்பையும் இழந்த கையையும் அருகருகே வைக்கிறது. தெய்வங்களின் கோட்டைக்கு மதில் எழுப்ப வந்தவனும் சத்தியங்களை நம்பியே வேலையைத் தொடங்கினான். இறுதியில் தோரின் சம்மட்டியால் கொல்லப்பட்டான். இவற்றுக்கெல்லாம் பின்னரே ரக்னரோக் என்னும் பேரழிவு வருகிறது. அன்று கட்டறுத்துக்கொண்டு வரும் அதே ஓநாய் ஓடினை விழுங்குகிறது. முறிந்த வாக்குகளை நீக்கிவிட்டால் அந்த முடிவு வெறும் சண்டைக் காட்சியாகிவிடும்.

'இணைவைப்போரின் கதைகள் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். ஈமானைப் பற்றிய அந்தக் கவலை மதிக்கத்தக்கதே. ஆயினும் இக்கதைகள் நம் கைக்கு வந்த வழியை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். ஐஸ்லாந்து ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தை ஏற்றது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1220ஐ ஒட்டி, ஸ்நோரி ஸ்டர்லூசன் என்னும் கிறிஸ்தவர் இவற்றை உரைநடையில் தொகுத்தார். பழங்கவிதையைக் கற்க விழையும் இளங்கவிஞர்களுக்காக எழுதிய அவர், பழைய தெய்வங்களைக் கிறிஸ்தவர்கள் நம்பலாகாது என்றும் அந்நூலிலேயே எழுதிவைத்தார். நம்பாத ஒருவர் இளையோருக்குச் சொன்ன கதைகள் இவை. எனினும் துரோகத்தை அவர் மறைக்கவில்லை.

நம் வரலாற்றிலும் இதற்கொரு முன்னோடி உண்டு. 921இல் பக்தாதிலிருந்து கலீஃபாவின் தூதுக்குழுவுடன் புறப்பட்ட இப்னு ஃபழ்லான், வோல்கா நதிக்கரையில் ரூஸ் மக்களைக் கண்டார். அவர்களுடைய உடற்கட்டை வியந்தார், தூய்மையின்மையை இகழ்ந்தார், தலைவனொருவனைக் கப்பலோடு எரித்த ஈமச்சடங்கையும், அதில் ஓர் அடிமைப்பெண் கொல்லப்பட்டதையும் பதிவு செய்தார். எதையும் அழகுபடுத்தவில்லை. தம் கொள்கையையும் இழக்கவில்லை.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தோர், லோகி என்னும் பெயர்கள் தெரியும். அமெரிக்கப் படக்கதைகளும் திரைப்படங்களும் தந்த அறிமுகம் அது. செந்தாடித் தோர் அங்கே பொன்முடியர் ஆனார். ஓடினின் குருதிச் சகோதரனான லோகி, தோரின் வளர்ப்புச் சகோதரன் ஆனான். இத்தகைய மாற்றங்களால் பெருந்தீங்கு இல்லை. பிழையும் தண்டனையும் அற்ற வெறும் வலிமையைப் போற்றக் கற்பிப்பதுதான் தீங்கு. அதன் எல்லையை ஜெர்மனியில் உலகம் கண்டது. ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் வடபுலத்தின் ரூன் எழுத்து வடிவங்களைச் சின்னமாய் அணிந்தனர். வாக்கு மீறிய தெய்வங்களே அழிந்துபோகும் கதைமரபை, தம் இனப்பெருமைக்கான ஆடையாக நாஜிகள் வெட்டித் தைத்துக்கொண்டனர்.

ஆகவே எழுதுவோரிடம் நாம் கேட்பது இதுதான்: கொடூரத்தை விரித்துரைக்க வேண்டாம், மொழியை எளிமையாக்குங்கள், குற்றத்தை மட்டும் அழிக்காதீர்கள். பெற்றோரே, அத்தகைய நூலொன்று வீட்டுக்கு வந்தால் ஃபென்ரிரின் கதையை முதலில் புரட்டிப் பாருங்கள். டிரின் கை போன காரணம் அதில் இருக்கிறதா? இருந்தால் பிள்ளையுடன் அமர்ந்து படியுங்கள். வாக்குறுதி பற்றி இறைவனிடம் விசாரணை உண்டு என்று நம்பும் நமக்கு, பிள்ளையிடம் பேச அந்த ஒரு பக்கமே போதும்.