புல் நிலம் தரிசா?

இலஞ்சி, தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஜனங்களுக்கு ஆனி, ஆடி மாதத்துச் சாரலைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் மழை கூடினால் குற்றாலத்தில் அருவி விழுகின்றது. அருவி விழுந்தால் சிற்றாறு ஓடுகின்றது. சிற்றாறு ஓடினால் வயலில் நாற்று நிமிர்கின்றது. இலஞ்சி என்னும் சொல்லுக்கே நீர்நிலை என்று அகராதியில் பொருள் இருக்கின்றது. ஆனால், மழை விட்ட பிறகும் மலை எப்படித் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றது என்று கேட்டால், ஒருவர் அகத்திய முனிவர் கிருபை என்பார். இன்னொருவர் குற்றாலநாதர் கருணை என்பார். கொஞ்சம் படித்தவர் மரம் என்பார். மூன்றாவது பதில் முதலிரண்டைவிட எவ்வளவோ மேலானதுதான். ஆனாலும் அதுவும் முழு உண்மையல்ல. நம் மேற்கு மலைத்தொடரின் உயர்ந்த முகடுகளில், பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்கின்றன. சோலைக்குப் பரிந்து பேச நாட்டில் பலர் இருக்கிறார்கள். புல்லுக்குப் பேசத்தான் ஆள் இல்லை.

காரணம் என்னவென்றால், புல் நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே இழிவான பெயர். மரமில்லாத முகட்டை மொட்டை என்கிறோம். எதையோ இழந்தால்தானே மொட்டை? இயற்கையாகவே புல்லாய் இருக்கும் இடம் எதை இழந்தது? சமவெளிக்கு வந்தாலோ இதைவிட மோசம். வெள்ளைக்கார சர்க்கார் தீர்வை வசூலுக்காக நிலத்தைப் பாகுபடுத்தியபோது, தீர்வை கொடுப்பதே நிலம், கொடுக்காதது தரிசு என்று கணக்கு எழுதினார்கள். “தீர்வை ஏற்படாத தரிசு”, “மேய்க்கால் புறம்போக்கு” என்ற பெயர்களை எந்தக் கிராமக் கணக்கிலும் இன்றும் பார்க்கலாம். வெள்ளையர் 1947-ல் போய்விட்டார்கள். அவர்கள் எழுதிய கணக்கு மட்டும் போகவில்லை. இந்திய சர்க்கார் 2000-ம் வருஷம் முதல் வெளியிட்டுவரும் தரிசு நிலப் படத்தொகுப்பிலும், புல்லும் புதரும் உள்ள நிலங்களில் பெரும்பகுதி தரிசு என்கின்ற தலைப்பின் கீழேயே அடைபட்டுக் கிடக்கின்றது.

தோழர்களே! பிறக்கும்போதே ஒருவனைக் கீழ்ஜாதி என்று எழுதிவைத்துவிட்டு, பிறகு அவனை யார் என்ன செய்தாலும் கேள்வியில்லை என்கின்ற அக்கிரமத்தை நாம் அறியாதவர்களல்ல. நிலத்திலும் அதே கதைதான் நடக்கின்றது. தரிசு என்று எழுதிவிட்டால் பிறகு அதில் கட்டடம் கட்டலாம், கல் உடைக்கலாம், மனை போட்டு விற்கலாம், காற்றாடி நிறுத்தலாம், சூரிய மின்தகடு பரப்பலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் மரத்தையாவது நட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். மின்சாரமும் வீடும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த நிலத்தில் ஏற்கனவே யார் பிழைக்கிறார்கள், எது விளைகின்றது என்று கேட்காமல் செய்வது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறோம்.

மரம் நட்டால் புண்ணியம் என்ற பேச்சைப் பரீட்சை செய்து பார்க்காமல் நம்பியதால் நேர்ந்ததைக் கேளுங்கள். 1843-ல் நீலகிரிக்குக் கற்பூர மரம் வந்தது. அதையொட்டிய காலத்திலேயே விறகுக்காகச் சீகை மரமும் வந்தது. பிற்காலத்தில் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைகளின் மரக்கூழுக்கும் என்று, நீலகிரியிலும் பழனி மலையிலும் புல் மேடுகளை வீண் நிலமாகக் கருதி இவற்றை நட்டுத் தள்ளினார்கள். சீகையோ நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை விழுந்த இடமெல்லாம் பரவியது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக ஆராய்ச்சியாளர் வானிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள்.

போனது புல்தானே என்பீர்களோ? நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டுவிட்டு, மற்றொன்றின் புல் மேட்டில் கற்பூர மரம் நட்டு, இரண்டிலும் ஓடைத் தண்ணீரை வருஷக் கணக்காக அளந்தார்கள். முதல் சுற்று மரம் வளர்ந்த பத்து வருஷத்திலேயே, நட்ட பக்கத்தில் தண்ணீர் சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. வேகமாய் வளரும் மரம் வேகமாய்க் குடிக்கும். புல்லின் நெருங்கிய வேரோ மண்ணைப் பிடித்துக்கொண்டு, மழையை உள்ளே இறக்கிக் கொஞ்சங்கொஞ்சமாகக் கசியவிடும். இதுதான் முனிவர் கிருபையின் இரகசியம்!

அந்நிய தேசத்து மரம் என்பதற்காக அதை வெறுக்கும்படி நாம் சொல்லவில்லை. மிளகாயும் உருளைக்கிழங்கும் அந்நிய தேசத்தவைதான். பிறப்பைப் பார்த்து அல்ல, செய்யும் காரியத்தைப் பார்த்தே எதையும் மதிக்க வேண்டும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லமாட்டோம். 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியக் களைகளை அகற்றிச் சூழலை மீட்க ஒரு கொள்கை வெளியிட்டார்கள். நம் மாநில விலங்காகிய வரையாட்டுக்கு இந்தப் புல் மேடுதான் வீடும் சோறும். அதைக் காக்க 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமொன்றை 2023-ல் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணியதில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 வரையாடுகள் இருப்பதாகக் கணக்காயிற்று. தண்ணீருக்காக ஓயாமல் வழக்காடும் இரண்டு சர்க்கார்களும் ஒரு காட்டு ஆட்டுக்காகச் சேர்ந்து மலையேறியது பாராட்டத்தக்கது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. இன்று நம் பக்கம் இருக்கின்றது. எல்லைக்கோடு மாறும். புல்லுக்கும் மேகத்துக்கும் அந்தக் கோடு தெரியாது.

ஆனால் எண்ணுவது வேறு, காப்பது வேறு. சீகையை ஒரு தரம் வெட்டிப்போட்டால் வேலை தீராது. மண்ணில் கிடக்கும் விதை ஆயிரக்கணக்கில் முளைக்கும். அடுத்தடுத்த வருஷங்களிலும் பிடுங்க வேண்டும். மலைப்புல்லை நாற்று வளர்த்து நட வேண்டும். சில இடங்களில் பழைய சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் வளர்கின்றன. அங்கே கண்மூடித்தனமாய் வெட்டுவதும் தவறு. இதையெல்லாம் இடத்துக்கு இடம் பார்த்துச் செய்ய, ஒரு இலாகா மட்டும் போதுமா? முகடு வன இலாகாவிடம், அடிவாரப் புறம்போக்கு வருவாய் இலாகாவிடம், மந்தைவெளி பஞ்சாயத்திடம், மறு சரிவு வேறு மாநிலத்திடம். நான்கு பேர் நான்கு பக்கம் இழுத்தால் தேர்கூட நகராது!

ஆகையால் எல்லோரும் சேர்ந்த ஒரு முயற்சி வேண்டும். அதில் யார் முன்நிற்பது என்பதுதான் முக்கியமான விஷயம். புல்லை அறிந்தவர்களே முன்நிற்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நீலகிரித் தோதவர்கள் எருமை மேய்த்துத் தலைமுறை தலைமுறையாய்ப் புல்லோடு வாழ்ந்தவர்கள். அவர்கள் கோயில் வேயும் புல் அருகிவிட்டது என்கிறார்கள். கோயில் வேயப்படுவதைப்பற்றி நமக்குக் கவலையில்லை. ஆனால் எந்தப் புல் எங்கே இருந்தது என்கின்ற அவர்கள் அறிவைப்பற்றி நமக்குக் கவலை உண்டு. நம் பக்கத்துக் கிடை ஆட்டுக்காரனுக்கும் அந்த அறிவு உண்டு. அவன் கிடை போட்டால் வயலுக்கு உரம். ஆனால் அவன் ஆட்டுக்கு நிற்க இடமில்லை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஒப்புக்கொள்கின்றது. இருந்தும் 2022-ல் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மாடு மேய்க்க ஐகோர்ட்டு தடை விதித்து, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்கு அதைச் சுருக்கிக்கொண்டது. மேய்ப்பவனைக் கேட்காமல் மேய்ச்சலைப் பற்றி முடிவு செய்வது, ஆதித்திராவிடனைக் கேட்காமல் அவனுக்குக் கோயில் வேண்டுமா, கிணறு வேண்டுமா என்று மேல்ஜாதியார் மகாநாடு கூட்டுவதைப் போன்றதேயாகும்.

உலகமும் இதை உணரத் தொடங்கிவிட்டது. மங்கோலியா எடுத்துச் சொல்ல, ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2022-ல் கூடி, 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாகத் தீர்மானித்தது. தீர்மானத்தால் மட்டும் ஒரு புல்லும் முளைக்காது. முளைக்க வைக்க வேண்டியவர்கள் நாம்.

எனவே இலஞ்சி வட்டாரத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வதாவது: உங்கள் ஊர்க் கணக்கில் மேய்க்கால் என்று எத்தனை ஏக்கர் இருக்கின்றது, அதில் இன்று எத்தனை மிச்சம் என்று கேட்டு வாங்குங்கள். கிராம சபையில் அதை எல்லோரும் கேட்கப் படியுங்கள். அந்த நிலத்தில் கன்று நட யார் வந்தாலும், ஆடு மேய்ப்பவரையும் மாடு மேய்க்கும் பெண்களையும் முதலில் கேட்கச் செய்யுங்கள். வன இலாகாக்காரர், கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், மேய்ப்பவர் ஆகிய எல்லோரையும் ஒரே பாயில் உட்காரவையுங்கள். அந்தப் பாயில் மேய்ப்பவருக்கு ஓரத்தில் அல்ல, நடுவில் இடம் கொடுங்கள்.

மலைக்குத் தேங்காய் உடைப்பதைவிட இது கஷ்டமான காரியந்தான். ஆனால் சிற்றாற்றில் தண்ணீர் வருவது தேங்காயினால் அல்லவே!