சாப்பாட்டுக் கடையும் நமக்குச் சந்தைதான்

பெல்ஜியத்தில் சின்ன உணவகங்களில்கூட மாட்டிறைச்சியை உள்நாட்டு பீரிலேயே மெதுவாக வேகவைத்துப் பரிமாறுவார்கள். அந்த பீர் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்ம நெல்லைக்குச் சொதி இருக்கு. முக்கூடல் பக்கம் தாமிரபரணித் தண்ணியில் நெல்லும் விளையுது. ஆனா மெஸ்ஸில் உட்கார்ந்து, "இது எந்த ஊர் அரிசி, அண்ணாச்சி?"ன்னு நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

பெரிய ஓட்டல் கேட்கிற அளவுக்கு மாசாமாசம் அரிசி கொடுக்கச் சிறு விவசாயியால் முடியாது. பத்துப் பேர் உட்காரும் கடைக்கு முடியும். அதனால் நான் சொல்வது இதுதான்: நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசுங்க. வாரம் ஒருநாள் மட்டும் தூயமல்லிச் சோறு, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி. வருஷத்துக்கான அரிசி விலையை முதலிலேயே பேசி முடிச்சிடுங்க. விளைவிச்சவர் பேரைக் கடைப் பலகையில் எழுதச் சொல்லுங்க. சாப்பிட்டவர் அரிசி கேட்டு நம்ம வீட்டுக்கே வருவார்.