திரைக்குச் சான்றிதழ், வாசலுக்கு யார் காவல்?



திரைப்படம் தொடங்குமுன் சில விநாடிகள் ஒரு தாள் திரையில் தோன்றி மறையும். படத்தின் பெயர், மொழி, நீளம், சான்றளித்த நாள், கையொப்பம் ஆகியவற்றுடன் ‘யு’ என்றோ ‘ஏ’ என்றோ ‘யு/ஏ’ என்றோ ஒரு குறி அதில் இருக்கும். அரங்கில் அமர்ந்திருப்போர் அதனைப் படிப்பதில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் அதே தாள் வரும்போது நாமும் படிப்பதில்லை. ஆயினும், நம் பிள்ளைகள் காணும் காட்சிகளைக் குறித்து அரசாங்கம் நம்மிடம் நேராகப் பேசும் இடம் அந்தத் தாள்தான். அது என்ன சொல்கிறது என்பதை இம்மாதம் சற்று நின்று படிப்போம்.

‘யு’ அனைவருக்கும் உரியது. ‘ஏ’ 18 வயது நிரம்பியோருக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்று 1983ஆம் ஆண்டில் ‘யு/ஏ’ சேர்க்கப்பட்டது. 12 வயதுக்குட்பட்ட சிறுவர் பெற்றோரின் வழிகாட்டுதலுடன் காணத்தக்கது என்பது அதன் பொருள். நாற்பது ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம், 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, அந்த நடுப்பிரிவை 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பகுத்தது. வரவேற்க வேண்டிய திருத்தமே. எட்டு வயதுச் சிறுவனின் உள்ளமும் பதினைந்து வயது இளைஞனின் உள்ளமும் ஒன்றல்லவே!

ஆனால் அதே திருத்தத்தில் நம்மில் பலர் கவனியாத ஒரு விதி இருக்கிறது. இந்த வயதுக் குறிப்பு, பெற்றோரும் பாதுகாவலரும் எண்ணிப் பார்ப்பதற்காக இடப்படுவதாம். அவர்களைத் தவிர வேறு எவரும் அதனை நடைமுறைப்படுத்துவதற்கில்லையாம். ஆகவே, 16 வயதுக் குறியிட்ட படத்திற்கு ஒன்பது வயதுப் பாலகன் வந்து நின்றாலும், நுழைவுச் சீட்டைக் கிழிப்பவருக்கு அவனைத் தடுக்கும் கடமையில்லை. காவல் பொறுப்பு முழுவதும் வாப்பாவிடமும் உம்மாவிடமும் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒப்படைத்த செய்திதான் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

‘இத்தனை வம்பு எதற்கு? அரசாங்கமே அனைத்தையும் வெட்டி எறிந்துவிட்டால் என்ன?’ என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். தணிக்கை இந்நாட்டுக்குப் புதியதன்று. 1918ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1920இலேயே சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அன்றைய வெள்ளை அரசுக்கு ஒழுக்கத்தைவிட ஆட்சியைப் பற்றிய அச்சமே பெரிதாக இருந்தது என்பது வேறு கதை. விடுதலைக்குப் பின், பேச்சுரிமை பெற்ற நாட்டில் முன்கூட்டியே தணிக்கை செய்யலாமா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் அதில் தீர்ப்பு எழுதியவரும் முஸ்லிம்கள் என்பதை நம் இளைஞர் பலர் அறியார்.

வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளரும் இயக்குநருமான குவாஜா அஹ்மத் அப்பாஸ். கல்கத்தா, பம்பாய், சென்னை, டெல்லி ஆகிய நான்கு நகரங்களில் செல்வர் வாழும் வாழ்வையும் ஏழைகள் படும் பாட்டையும் அருகருகே வைத்து அவர் ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாயில் பெண்கள் விலைபேசப்படும் தெருவும் அதில் சில கணங்கள் வந்தது. தணிக்கைக் குழு ‘ஏ’ சான்றிதழ் தருவதாகச் சொன்னது. அப்பாஸ் ‘யு’ கேட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு இறங்கி வந்து ‘யு’ தருவதாக ஒப்புக்கொண்டது. அவரோ அத்துடன் நிற்காமல், முன்தணிக்கை என்பதே சரியா என்று கேட்டார். 1970 செப்டம்பரில் தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லாஹ் தீர்ப்பளித்தார். எழுத்தைவிடத் திரை உள்ளத்தை ஆழமாக அசைக்கிறது, வளர்ந்தோர் நடிப்பு என ஒதுக்குவதைச் சிறுவர் மெய்யெனக் கொள்கின்றனர், எனவே தணிக்கையும் வயதுவாரிப் பிரிவும் செல்லும் என்றார். அதே மூச்சில், காமம் வந்த இடமெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்றும், கலைக்கும் கழிவுக்கும் வேற்றுமை காணும் அளவுகோல் தணிக்கை விதிகளில் இல்லை என்றும் குறை கூறினார்.

இத்தீர்ப்பை நான் இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அப்பாஸின் படத்தில் இருந்ததும் விலைமாதர் தெருதான். வணிகப் படத்தின் குத்தாட்டக் காட்சியில் இருப்பதும் அரைகுறை ஆடைப் பெண்தான். முன்னதைக் கண்டவன் தலை குனிவான். பின்னதைக் கண்டவன் சீழ்க்கை அடிப்பான். கத்தரிக்கோலுக்கு இந்த வேற்றுமை தெரியாது. எது காட்டப்பட்டது என்பதை அது அளந்துவிடும். எதற்காகக் காட்டப்பட்டது, பார்ப்பவன் எதைக் கற்று எழுந்து போகிறான் என்பதை அளப்பது மனிதரின் வேலை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்ப் படங்களில் பல்லாண்டுகளாக ஒரே கதை வார்க்கப்படுகிறது. நாயகன் ஒரு பெண்ணைக் காண்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அவன் கல்லூரி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவளைத் தொடர்கிறான். தோழர்கள் சூழ நின்று பாடுகிறான். அவள் சினந்தால் இவன் சிரிக்கிறான். முடிவில் அவள் மனம் மாறிவிடுகிறது. இதில் வெட்டுவதற்குத் தணிக்கையாளருக்கு எதுவும் அகப்படுவதில்லை. ஆடை ஒழுங்காக இருக்கிறது, வசைச் சொல் இல்லை, இரத்தம் இல்லை. ‘யு’ சான்றிதழுடன் குடும்பமாக அமர்ந்து பார்க்கிறோம், அதுவும் நகைச்சுவைக் காட்சியாக!

இதே செயலை ஓர் இளைஞன் தெருவில் செய்தால் என்ன ஆகும்? விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பின்னரும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து செல்வது 2013ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 78ஆம் பிரிவாக நீடிக்கிறது. முதல்முறை அகப்பட்டாலே மூன்றாண்டு வரை சிறை உண்டு. திரையில் காதல் எனப் போற்றப்படுவது தெருவில் குற்றம் என்று பதின்மூன்று வயது மகனிடம் யார் சொன்னார்கள்? பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது என்று 1991ஆம் ஆண்டின் தணிக்கை வழிகாட்டு நெறிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. இழிவு என்பது துணியின் அளவோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணியதால்தான் இந்தப் பாடம் தணிக்கை மேசையைத் தடையின்றிக் கடந்து வந்தது.

நம்மிலும் அந்த எண்ணம் இல்லாமலில்லை. பெண்ணின் உடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். திருமறையின் அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கு வருகிறது. பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில்தான். இந்த வரிசையை நம் மகன்களுக்கு எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

சான்றிதழுக்குள் பணம் புகுந்த கதையையும் சொல்லியாக வேண்டும். தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என 2006இல் தமிழக அரசு அறிவித்தது. 2011இல் அதனுடன் ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. நோக்கம் நல்லதே. நடந்தது என்ன? ‘யு’ என்ற எழுத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. அடிதடியும் குடியும் நிறைந்த படத்தின் தயாரிப்பாளரும் சில விநாடிகளை வெட்டிக்கொடுத்து, சில சொற்களை ஒலியடக்கி, ‘யு’ பெற்றுச் செல்ல முனைந்தார். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் அச்சலுகை போயிற்று. ஆனால் தொலைக்காட்சி உரிமை என்ற வேறொரு விலை இருக்கவே இருக்கிறது. மும்பையில் ஒரு கல்லூரி ஆசிரியை தொடுத்த வழக்கில், ‘ஏ’ படங்களைத் தொலைக்காட்சியில் காட்டலாகாது என்று 2005இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தனியொரு பெண்மணி சாதித்த பெரிய காரியம் அது. அதன்பின் ‘ஏ’ படத்தைச் சின்னத்திரைக்கெனச் சுருக்கி மறுசான்றிதழ் வாங்குவது தொழிலின் ஓர் அங்கமாயிற்று. ஆகவே ‘யு’ என்ற எழுத்தைக் கண்டதும் ஐயம் நீங்கி அமர்ந்துவிடாதீர்கள்.

‘ஏ’ படத்தின் நிலை வேறு. அங்கே சட்டத்துக்குப் பல் இருக்கிறது. 18 வயது நிரம்பாத ஒருவரை அனுமதித்தால் அரங்கத்தாருக்குத் தண்டம் விதிக்கலாம். அந்தப் பல் கடித்ததை நம் ஊர்களில் கண்டவர் எத்தனை பேர்? 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை எதிர்த்து நம் அமைப்புகள் ஒன்றாய்த் திரண்டதும், மாவட்ட ஆட்சியர்கள் தடையுத்தரவு பிறப்பித்ததும், சில இடங்களில் ஒலியை அடக்கிப் பிப்ரவரி 7 அன்று படம் வெளிவந்ததும் அனைவருக்கும் நினைவிருக்கும். நம் மார்க்கத்தாரைப் பழித்துக் காட்டினால் நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும். அதில் குற்றம் காண நான் வரவில்லை. அன்று ஆட்சியர் அலுவலக வாசலில் நின்ற ஆயிரக்கணக்கானோரில் பத்துப் பேர், தம் ஊர் அரங்கில் ‘ஏ’ படத்துக்கு வயது கேட்கப்படுகிறதா என்று பார்த்து ஒரு மனு கொடுத்திருந்தால் என்ன என்பதே என் ஆதங்கம். அந்தக் கோரிக்கைக்கு எல்லாச் சமயத்துப் பெற்றோரும் நம்மோடு வந்து நிற்பார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபின், தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்த காலம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கப் பிள்ளைகள் கூடுவார்கள். அது கூடாதென்று சண்டையிட்ட பெரியவர்களும் இருந்தார்கள். இன்று நினைத்தால் ஒன்று புரிகிறது. அந்தக் கூடத்தில் ஒரு பெரியம்மா அமர்ந்திருந்தார். தகாத காட்சி வந்தால் அவர் தொண்டையைச் செருமினாலே போதும், பிள்ளைகள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். இன்றைய கைப்பேசிக்கு அந்தச் செருமல் இல்லை. அதில் ஓடும் குறுங்காணொளிகளுக்குத் தணிக்கையும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஓ.டி.டி. எனப்படும் இணையவழித் திரைத்தளங்களுக்கு 2021இல் நடுவண் அரசு விதிகள் வகுத்தது. 13 வயதும் அதற்கு மேலும் குறியிட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வேண்டும் என்றது. அவ்விதிகளின் சில பகுதிகளுக்கு நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை விதித்தன. எனினும் பெரிய தளங்களில் வயதுக் குறியும் பூட்டும் இருக்கத்தான் செய்கின்றன. பல வீடுகளில் அந்தப் பூட்டின் எண்ணை அறிந்தவன் மகன் ஒருவனே. வாப்பாவுக்கு அதை அமைத்துக் கொடுத்தவனும் அவன்தான்!

திரைப்படம் காண்பதே கூடாது என்று கூறும் ஆலிம்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவ்வாறு கருதும் இல்லத்துப் பிள்ளையின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. களிப்பு அனைத்தையும் விலக்கிய மார்க்கமும் அன்று இது. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மனநிறைவுறும் வரை பார்ப்பதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம்.

இறுதி ஹஜ்ஜின்போது நடந்த நிகழ்ச்சி ஒன்றும் புகாரியில் இருக்கிறது. இளைஞரான ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அண்ணலாரின் பின்னே ஒட்டகத்தில் அமர்ந்திருந்தார்கள். கஸ்அம் குலத்துப் பெண்ணொருவர், வாகனத்தில் நிலையாக அமர இயலாத தம் முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். ஃபள்லின் கண்கள் அவரை நோக்கின. அண்ணலார் (ஸல்) கையால் அவருடைய முகத்தை மறுபுறம் திருப்பினார்கள். பெண்மணியின் கேள்விக்குச் செய்யலாம் என விடையும் தந்தார்கள். அந்தப் பெண்ணை விரட்டவில்லை. இளைஞரைப் பலர் முன்னிலையில் ஏசவுமில்லை. கை எட்டும் தொலைவில் இருந்தார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் படம் பார்க்கும்போது நம் கை எட்டும் தொலைவில் இருக்கிறதா? அருகிலிருந்தால், ‘அவள் வேண்டாம் என்கிறாளே, இவன் ஏன் பின்னால் போகிறான்?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுவைக்கலாம். விடையைப் பிள்ளையே சொல்லட்டும்.

தொலைக்காட்சித் தொடரிலோ படத்திலோ சிறுவருக்கு ஒவ்வாததைக் கண்டால் புலம்பிவிட்டு அலைவரிசையை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, பார்வையாளரின் எழுத்துப் புகாருக்கு அந்த ஒளிபரப்பு நிறுவனம் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், ஆட்சேபத்துக்குரிய காட்சி ஆகியவற்றைக் குறித்து, சினமின்றி ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடிதத்தின் நகலையும் கிடைக்கும் பதிலையும் நமது இதழுக்கு அனுப்பிவைத்தால், அனுப்பியவர் பெயரை வெளியிடாமல் இப்பகுதியிலேயே இடம்பெறச் செய்கிறேன், இன்ஷா அல்லாஹ்.