பேரேட்டில் ஒளிய முடியுமா?

பிளாக்செயின் வந்துவிட்டது, இனி எவரும் தம்மை வெளிக்காட்டாமல் ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரலாம் என்று ஆய்வாளர் வட்டங்களில் உறுதியாகச் சொல்லப்படுகிறது. 2025 ஆகஸ்டில் சை-ஹப் தளத்தை முடக்க டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபின் இக்குரல் இன்னும் ஓங்கியிருக்கிறது. இது ஆபத்தான பேச்சு.

பிளாக்செயின் மறைத்துவைக்கும் பெட்டகம் அன்று. பலர் படிகள் வைத்திருக்கும், எவரும் படிக்கத்தக்க, அழிப்பதற்கு அரிய பேரேடு. கோப்பு பெரும்பாலும் அதில் இருப்பதுமில்லை. பதிவாவது கோப்பின் ஹாஷ் மட்டுமே. கோப்போ ஐபிஎஃப்எஸ் போன்ற வலையமைப்பில் யாரோ ஒருவருடைய கணினியில் கிடக்கிறது. 'இது என்னிடம் உள்ளது' என்று அக்கணினி தன் ஐபி முகவரியோடு அறிவித்தால்தான் பிறர் அதைக் கண்டடைவர். தெருவில் கூவி விற்பவனை ஒளிந்திருப்பவன் என்று அழைப்பது எவ்வாறு? அக்கணினி நின்று, வேறெவரிடமும் படி இல்லையெனில் கோப்பும் போயிற்று. ஹாஷ் மட்டும் நடுகல்லாய் நிற்கும்.

சேமித்துத் தருவோர்க்கு டோக்கன் கொடுத்தால் இக்குறை தீரும் என்பர். ஃபைல்காயின் 2020 முதல் செய்வது அதுவே. அந்த டோக்கனை இங்கே எப்படி வாங்குவீர்கள்? 2023 மார்ச் முதல் கிரிப்டோ பரிமாற்றகங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பான் எண் கேட்பார்கள். பெயரின்மை முதற்படியிலேயே முடிந்தது! அமெரிக்காவின் சில்க் ரோடு வழக்கில் நீதிமன்றத்தில் சான்றாக வந்ததும் பிட்காயினின் பேரேடுதான். (அடையாளம் மறைக்க டார் போன்ற கருவிகள் உண்டு. அவற்றுக்குப் பிளாக்செயின் தேவையே இல்லை.)

இம்மயக்கத்தின் விலையை ஹேக்கத்தான் மேடைகளில் முழங்குவோர் கொடுக்கப்போவதில்லை. கோப்பைப் பதிவேற்றிய உதவித்தொகை மாணவரே கொடுப்பார்.

2016இல் டெல்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில், பாடத்தொகுப்புகளை நகலெடுத்தல் பதிப்புரிமை மீறல் அன்று என்று தீர்ப்பளித்தது இதே உயர் நீதிமன்றம்தான். அங்கே மாணவரும் ஆசிரியரும் சங்கம் அமைத்து, வெளிப்படையாக வழக்கில் இணைந்து வாதாடினர். முகமூடி தேடும் நாம் அந்த வழியை மறந்துவிட்டோம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் பதிப்பகங்களை நோக்கிச் செல்கிறது. அரசு நிறுவனங்களுக்காக அமைந்த அத்திட்டத்தில் தனியார் கல்லூரி ஆய்வாளர் வெளியேதான் நிற்கிறார். அவருக்காக எத்தனை பேர் எழுதினோம்?

தம் நிதியில் விளைந்த கட்டுரைகளைத் திறந்த களஞ்சியத்தில் இடவேண்டும் என்று உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014இலேயே கொள்கை வகுத்தன. அந்நிதியில் உங்கள் ஆய்வகத்தில் எழுதப்பட்டவற்றுள் எத்தனை அங்கே சேர்ந்துள்ளன என்று நாளை உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள்.