நீதியான வழக்கை மிகைப்படுத்தித் தோற்க வேண்டுமா?

காஸா குறித்து முன்பின் தெரியாத ஒருவர் முகநூலில் சந்தேகத்தோடு கேட்கிறார். ‘இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது’ என்று நாம் எழுதிவிடுகிறோம். அவர் அந்த உத்தரவையே எடுத்துக் காட்டுகிறார். அதன்பின் நாம் சொல்லும் உண்மைகளும் எடுபடுவதில்லை.

2024 ஜனவரி 26 அன்று அந்நீதிமன்றம் வழங்கியது இறுதித் தீர்ப்பல்ல. இனப்படுகொலைச் செயல்களைத் தடுக்கவும், மனிதாபிமான உதவிகள் சென்றடைய வழிசெய்யவும் இஸ்ரேலுக்கு இட்ட இடைக்கால உத்தரவு. இதை உள்ளபடி சொன்னாலே போதுமே! அதே ஆண்டு ஜூலை 19 அன்று, ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் நீடிப்பது சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. 1988லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு நம் இந்தியா. இவற்றுக்கு மிகைப்படுத்தல் எதற்கு?

சிரியாவின் பழைய படத்தைக் காஸா என்று பகிர்வதும் இதே தவறுதான். வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது சூரத்துல் ஹுஜுராத். அழகிய முறையில் விவாதிக்கச் சொல்கிறது சூரத்துந் நஹ்ல்.

வசைபாட வந்தவரை விட்டு விலகுவோம். கேட்க வந்தவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வோம். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், பேசாமல் படித்துக்கொண்டிருப்பவர்கள் பலர் உண்டு. அநீதி இழைக்கப்பட்டவர்களின் வழக்கை நம் அவசரத்தால் கெடுத்துவிடக் கூடாது.