உயிர் காக்கும் மருந்துக்கு மாற்று உண்டா?

மருந்துத் தட்டுப்பாடு பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் "மாற்று மருந்து இருக்கிறது" என்ற பதில் தயாராக இருக்கும். பல மருந்துகளுக்கு அது சரியான பதில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படும் நோர்அட்ரினலினுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

கடுமையான கிருமித்தொற்று உடலெங்கும் பாதிக்கும்போது இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்கிறது. மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் போதிய இரத்தமின்றிச் செயலிழக்கத் தொடங்குகின்றன. முதலில் சேலைன் ஏற்றுவார்கள். அதற்கும் அழுத்தம் ஏறாவிட்டால், குழாய்களை இறுக்கும் நோர்அட்ரினலினைச் சிறுகச் சிறுகச் செலுத்துவார்கள். சராசரி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கொண்டுவருவதே முதல் இலக்கு. இம்மருந்து தொற்றைக் குணப்படுத்தாது. அன்டிபயோட்டிக் வேலை செய்யும்வரை நோயாளிக்கு அவகாசம் பெற்றுத் தருகிறது. 2021இல் வெளியான சர்வதேச வழிகாட்டலும் இதையே முதல் தெரிவாகக் கூறுகிறது.

மாற்று மருந்துகள் இல்லாமலில்லை. முன்னர் பரவலாகப் பயன்பட்ட டோபமினை இதனுடன் ஒப்பிட்டு, 1,679 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு 2010இல் வெளியானது. இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இதயத்துடிப்புக் கோளாறு நோர்அட்ரினலின் பெற்றவர்களில் சுமார் 12 சதவீதமாகவும், டோபமின் பெற்றவர்களில் 24 சதவீதமாகவும் இருந்தது.

இதைவிடக் கசப்பான பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. 2011இல் அங்கு நோர்அட்ரினலினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல வைத்தியசாலைகள் ஃபினைல்எஃப்ரினுக்கு மாறின. பாதிக்கப்பட்ட 26 வைத்தியசாலைகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2017இல் வெளியானது. வழமையான காலத்தில் 35.9 சதவீதமாக இருந்த இறப்பு, தட்டுப்பாட்டுக் காலத்தில் 39.6 சதவீதமாக உயர்ந்திருந்தது. தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்று இது முற்றாக நிரூபிக்கவில்லை. எனினும் 100 பேருக்கு ஏறக்குறைய 4 உயிர்கள் என்பது அலட்சியப்படுத்தக்கூடிய கணக்கல்ல.

உலகின் பெரும் செல்வந்த நாட்டுக்கே இந்த நிலையென்றால், மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நமது நிலை என்ன? 2022 ஏப்ரலில், டொலர் நெருக்கடி உச்சத்திலிருந்தபோது, அவசர சிகிச்சைகளைக்கூட நிறுத்த நேரிடலாம் என இலங்கை மருத்துவ சங்கம் ஜனாதிபதிக்கு எழுதியதை நாம் மறந்துவிடக் கூடாது.

அத்தியாவசிய மருந்துகளைத் தெரிவு செய்து, அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்ய வேண்டும் என்ற சிந்தனை நமக்குப் புதிதல்ல. பேராசிரியர் சேனக பிபிலே 1970களிலேயே அதைச் செய்து காட்டினார். இன்று தேவைப்படுவது அதன் அடுத்த படி. மாற்றில்லாத மருந்துகள் எவை என்று தனியாகப் பட்டியலிட வேண்டும். அவற்றுக்குக் கட்டாய ஒதுக்குக் கையிருப்பு வேண்டும். கையிருப்பு குறையும்போது, தீர்வதற்கு முன்பே பகிரங்கப்படுத்த வேண்டும்.

நமது ஊர்களின் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் நிதி திரட்டுகின்றன. அது நல்ல பணி. அடுத்த கூட்டத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த மருந்து எத்தனை நாளைக்குப் போதும் என்றும் அவை கேட்கட்டும்.